அடிச்சேறு

ஏப்ரல் 9

சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீங்களும் உங்க வீட்டம்மாவும் நலமா இருக்கணும். போனை வெச்சுக்கிட்டு எதுக்கு லெட்டர்னு நினைப்பீங்க. போன்ல பேசினா நீங்க "சரிங்க சம்பந்தியம்மா, பார்க்கிறேங்க"ன்னு சொல்லி வெச்சிடுவீங்க. நானும் பாதியில வேற பேச்சுக்குப் போயிடுவேன். எழுதினா ரெண்டு பேரும் தப்பிக்க முடியாது.

நேரா விஷயத்துக்கு வரேன். ஏரி பச்சையாயிடுச்சு. பாசி பிடிச்ச பச்சைன்னு நினைச்சுக்காதீங்க. பெயின்ட் டப்பாவைக் கவுத்து விட்ட மாதிரி. துடுப்பைப் போட்டு எடுத்தா துடுப்புல ஒரு பூச்சு ஒட்டிக்கிட்டு வருது. முதல்ல வாய்க்கால் வந்து விழற மூலையில மட்டும் இருந்துச்சு. மூணு வாரத்துல நம்ம மீன் கூண்டு கட்டியிருக்கிற இடத்தையும் தாண்டிப் போயிடுச்சு.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில என் பையன் தீனி போடப் போனான். பன்னிரண்டு கூண்டுலயும் எல்லா மீனும் தலையை மேல நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடிக்கிட்டு இருந்துதாம். தண்ணியில பொறந்த ஜீவன் தண்ணிக்குள்ளேயே மூச்சு முட்டி நிக்குது. அவன் துடுப்பால தண்ணியை அடிச்சுக்கிட்டே கத்தினான். உங்க பொண்ணு இன்னொரு படகுல போய் வாளி வாளியா மொண்டு மேலேர்ந்து ஊத்தினா. அப்படி ஊத்தினா கொஞ்சம் காத்துக் கலக்குமாம். வெயில் ஏறுறதுக்குள்ள அஞ்சு கூண்டு போயிடுச்சு. எல்லாம் முழங்கை நீளக் கெண்டை.

மறுநாள் பையன் படகை எடுத்துக்கிட்டு வாய்க்காலோட மேலே மேலே போயிருக்கான். உங்க ஊர் எல்லை வரைக்கும். நீங்க வேலை பார்க்கிற சாக்கடைத் தண்ணி சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பின்பக்கம், புதருக்குள்ள ஒரு பெரிய குழாய். கறுப்புத் தண்ணி, மேல நுரை. திரும்பி வந்து என்கிட்ட மட்டும்தான் சொன்னான். கதவுக்குப் பின்னாடி உங்க பொண்ணு நின்னுக்கிட்டிருந்ததை ரெண்டு பேரும் கவனிக்கல.

ஒண்ணே ஒண்ணுதான் கேக்கிறேன். அது நீங்க சுத்தம் பண்ணி விடற தண்ணிதானா? ஆமாம், இல்லைன்னு எழுதினாப் போதும்.

உங்க பொண்ணு நல்லா இருக்கா. சாப்பிடறா. உங்க பேச்சை எடுத்தா மட்டும் அவளுக்கு எங்கேயாவது ஒரு வேலை வந்துடுது.

இப்படிக்கு,
உங்க சம்பந்தி


ஏப்ரல் 17

பெருமதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

தங்களின் 9ஆம் தேதியிட்ட கடிதம் கிடைத்தது. மீன்கள் இறந்தது குறித்து மிகவும் வருந்துகிறேன்.

தாங்கள் குறிப்பிட்ட குழாய் மேற்படி நிலையத்துக்குச் சொந்தமானதே. மேற்படி நிலையம் விதிகளுக்கு உட்பட்டு இயங்கி வருகிறது. தினமும் நீர் பரிசோதிக்கப்பட்டு, மாதாமாதம் அறிக்கை மேலிடத்துக்கு அனுப்பப்படுகிறது. கடந்த ஆறு மாத அறிக்கைகளின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன்.

ஏரி பச்சையாவதற்குப் பல காரணங்கள் உண்டு. வாய்க்காலின் இரு கரையிலும் வயல்கள். மழை பெய்தால் போட்ட உரத்தில் பாதி தண்ணீரோடு ஓடி வருகிறது. பயிருக்குப் போடும் உரம் பாசிக்கும் உரம்தான். துணி துவைக்கும் பொடியும் அப்படியே. மேலும், மேற்படி ஏரியில் கூண்டு மீன் வளர்ப்பும் நடக்கிறது. மீன் தின்னாமல் விடும் தீனி எங்கே போகிறது, மீனின் கழிவு எங்கே போகிறது என்பதை மாப்பிள்ளையும் ஒருமுறை யோசித்துப் பார்ப்பது நலம். குறையாகச் சொல்லவில்லை.

பாப்பா சரியாகச் சாப்பிடுகிறாளா? சாப்பிடுகிறாள் என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். இருந்தாலும் கேட்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி


ஏப்ரல் 26

சம்பந்தி,

உங்க கடுதாசியில மூணு "மேற்படி" இருந்துச்சு. ஒரு "ஆமாம்" இல்லை, ஒரு "இல்லை"யும் இல்லை.

நீங்க அனுப்பின அறிக்கையை எனக்குப் படிக்கத் தெரியாது. அதனால சாப்பாட்டு மேஜையில வெச்சேன். உங்க பொண்ணு எடுத்தா. சின்ன வயசுல பள்ளிக்கூடம் விட்டதும் உங்க நிலையத்துக்கு வந்து, நீங்க எண்ணைச் சொல்லச் சொல்ல அவதான் எழுதுவாளாமே. கல்யாணமான புதுசுல அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. முதல் தாளைப் பார்த்தா. ரெண்டாவது, மூணாவது, ஆறையும் பார்த்தா. அப்புறம் விரலை ஒரு வரிசையில வெச்சு எனக்குக் காட்டினா. ஆறு மாசமும் ஒரே எண். புள்ளிக்கு அப்புறம் வர எண்கூட மாறல. மழைக்காலம், வெயில்காலம் எல்லாத்துக்கும் ஒண்ணே.

"அப்பாவுக்கு ஏழுங்கிற எண்ணைக் குறுக்குக்கோடு போட்டு எழுதறதுதான் பழக்கம் அத்தை. அவர் கையெழுத்தேதான்"னா. அவ்வளவுதான் சொன்னா. தாளை மடிச்சு உறையில போட்டுட்டுப் பாத்திரம் கழுவப் போயிட்டா. கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினா.

செத்த மீனை என்ன பண்ணினோம்னு நீங்க கேக்கல. நானே சொல்றேன். விக்க முடியாது, திங்க முடியாது. வீட்டுக்குப் பின்னாடி குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைச்சோம். மூணு நாள் வெட்டினோம். என் உடம்புல இன்னும் அந்த வாடை இருக்கு. எத்தனை சோப்பு போட்டாலும் போகல. சோப்பும் பாசிக்கு உரம்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க, அதனால அதையும் பயந்து பயந்துதான் போடறேன்.

அப்புறம் நாய். உங்க பொண்ணு குட்டியா எடுத்து வளர்த்ததே, அது. போன வெள்ளிக்கிழமை ஏரியில இறங்கி நீந்திட்டு வந்துச்சு. எப்பவும் பண்றதுதான். கரையில உக்காந்து உடம்பை நக்கிச்சு. கொஞ்ச நேரத்துல காலு பின்னிக்கிச்சு. டாக்டர்கிட்ட வண்டியில தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனோம். போற வழியிலேயே அடங்கிடுச்சு. அந்தப் பச்சையிலேயே விஷம் இருக்காம், டாக்டர் சொன்னார். குழந்தைங்க இருக்கிற வீட்டுல எல்லாம் சொல்லி வைங்கன்னார்.

தீனியைப் பத்தி எழுதினீங்களே, அதை என் பையனுக்குப் படிச்சுக் காட்டினேன். ரெண்டு நாளா யோசனையா இருக்கான்.

இப்படிக்கு,
உங்க சம்பந்தி


மே 5

சம்பந்தியம்மா,

உங்க லெட்டர் வந்து ஏழு நாளாச்சு. நாலு தடவை எழுதிக் கிழிச்சேன். இந்தத் தடவை கிழிக்கக் கூடாதுன்னு ஆபீஸ் தாளை விட்டுட்டு வீட்டுத் தாள்ல எழுதறேன்.

லெட்டரை முதல்ல பிரிச்சது என் வீட்டுக்காரி. எனக்குத் தட்டை வெச்சா, சாதத்தைப் போட்டா, "பொண்ணைக் கொடுத்த வீட்டுக்கே சாக்கடையை அனுப்பியிருக்கீங்க"ன்னு சொல்லிட்டு உள்ளே போயிட்டா. 

ஆமாம். அது சுத்தம் பண்ணாத தண்ணி.

எங்க நிலையம் கட்டினது நாப்பதாயிரம் பேருக்கு. இன்னைக்கு ஊர்ல தொண்ணூறாயிரம் பேர். போதாதுக்குப் பால் பவுடர் ஆலையோட கழிவையும் எங்க குழாயிலதான் சேர்த்து விட்டாங்க. கழிவுத் தண்ணியில காத்தை ஊதினாத்தான் அதுல இருக்கிற நல்ல கிருமி அழுக்கைத் தின்னும். அந்தக் காத்தை ஊதற புளோயர் எங்ககிட்ட மூணு. ரெண்டு ரிப்பேராகிப் பதினாலு மாசமாச்சு. பாசிக்கு உரமாகிற பாஸ்பரஸைப் பிடிச்சு அடியில உக்கார வைக்கப் படிகாரக் கரைசல் போடணும். அது கடைசியா வந்து ஒரு வருஷமாச்சு. இன்ஜினியருக்குப் பதினோரு தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் "பரிசீலனையில் உள்ளது"ன்னு பதில் வந்துச்சு. உங்களுக்கு நான் எழுதின மாதிரிதான்.

காலையில ஊரே குளிச்சுத் துவைச்சு முடிச்சதும், பத்து மணிக்குத் தொட்டி நிரம்பும். நிரம்பினா பக்கத்து மதகைத் திறந்து அப்படியே வாய்க்கால்ல விட்டுடுவோம். விட்டுடுவோம்னு எழுதறேன் பாருங்க. நான்தான். மதகுக்கு ஒரு இரும்புச் சக்கரம் இருக்கு, பதினெட்டு சுத்து. தினமும் நான்தான் சுத்தறேன்.

திறக்காம இருக்க முடியாதான்னு நீங்க கேக்கலாம். ஜனவரியில ஒருநாள் திறக்காம உக்காந்தேன். என்ன ஆகுதுன்னு பார்த்துடுவோம்னு ஒரு வீம்பு. நாலு மணி நேரத்துல கழிவுத் தண்ணி குழாய்ல பின்னாடி ஏறிப் பிரசவ ஆஸ்பத்திரி கீழ்த்தளத்துல வந்துடுச்சு. நர்ஸுங்க பிள்ளை பெத்தவங்களைக் கட்டிலோட மாடிக்குத் தூக்கியிருக்காங்க. போன் வந்ததும் ஓடிப்போய்த் திறந்தேன். அன்னிக்கு அந்தச் சக்கரத்தை நான் எவ்வளவு வேகமா சுத்தினேன்னு நினைச்சா இப்பவும் வெக்கமா இருக்கு. எதுக்கு வெக்கம்னும் தெரியல.

அறிக்கை விஷயம். "போன மாசத்து எண்ணையே போடுங்க, புளோயர் வந்ததும் சரியாயிடும்"னார் இன்ஜினியர். ஒரு மாசம்தானேன்னு போட்டேன். முதல் மாசம் ரெண்டு தடவை பேனாவை மூடி வெச்சேன். மூணாவது மாசம் ஒரே மூச்சுல எழுதிட்டேன்.

பாப்பாகிட்ட இதைக் காட்டறதும் காட்டாததும் உங்க இஷ்டம். அந்த நாய்க்குட்டியை அட்டைப்பெட்டியில வெச்சு அவ மடியில தூக்கிக்கிட்டுப் பஸ்ல போனது என் கண்ணுலேயே நிக்குது.

சம்பந்தி


மே 14

சம்பந்தி,

காட்டினேன். படிச்சா. "பதினெட்டு சுத்துன்னா அப்பாவுக்கு மூச்சு வாங்கும்"னா. அவளுக்கு உங்க மேல கோபமா, உங்களுக்காக வருத்தமான்னு எனக்குப் பிடிபடல. அவளுக்கே பிடிபட்டிருக்காது.

 உங்களைத் திட்டணும்னு பேனாவை எடுத்தவ, ஆஸ்பத்திரி விஷயம் வந்த இடத்துல நின்னுட்டேன்.

என் பக்கத்தையும் சொல்லிடறேன். தீனி விஷயம் நீங்க சொன்னது சரிதான். ஒரு நாளைக்கு ஆறு மூட்டை போட்டோம். சீக்கிரம் பெருக்கட்டும்னு கூடக் கூடப் போடச் சொன்னது நான்தான். பையன் நீச்சல் கண்ணாடி மாட்டிக்கிட்டுக் கூண்டுக்கு அடியில முங்கிப் பார்த்தான். அடியில கறுப்புச் சேறு, இடுப்பளவு. அழுகின முட்டை நாத்தம். முன்னாடியெல்லாம் அங்கே கால் வெச்சா மட்டிச்சிப்பி குத்தும். இப்ப சிப்பி இருக்கு, எல்லாம் வாயைத் திறந்துக்கிட்டு வெறும் ஓடா இருக்கு. நத்தை இல்லை. பாசிக்கு அடியில வெளிச்சம் போகாததால தண்ணிச்செடியெல்லாம் அழுகிடுச்சு. செடி போனதும் அதுல முட்டை போடற பொடிமீனும் போயிடுச்சு, அதைத் தின்ன வர பறவையும் வரல. காலையில கதவைத் திறந்தா சத்தமே இல்லை, சம்பந்தி. அதுதான் தாங்கல.

அதிகாரிங்க வந்தாங்க. நாலு பாட்டில்ல தண்ணி எடுத்தாங்க. "இது வெயில் காலத்துல இயற்கையா வரதும்மா"ன்னு ஒருத்தர் சொன்னார். சொல்லும்போது மூக்கைக் கைக்குட்டையால மூடிக்கிட்டிருந்தார்.

ஜூன் ரெண்டாம் தேதி இங்கே பொது மண்டபத்துல விசாரணை வெச்சிருக்காங்க. உங்க நிலையத்து அறிக்கையைக் காட்டி, அங்கே எல்லாம் சரியா இருக்கு, தப்பு கூண்டுக்காரங்க மேலதான்னு எழுதப் போறாங்கன்னு பேச்சு. நீங்க வந்து உண்மையைச் சொல்லணும். உங்ககிட்ட வேற எதையும் நான் கேட்டதில்லை. கல்யாணத்துலகூட எதுவும் கேக்கல.

சம்பந்தி


மே 23

சம்பந்தியம்மா,

என்னால வர முடியாது.

ஓய்வு பெற இன்னும் ஒண்ணரை வருஷம் இருக்கு. முப்பத்தோரு வருஷ வேலை. என் வீட்டுக்காரிக்கு வாரம் ரெண்டு தடவை ரத்தம் சுத்தம் பண்றாங்க. அது ஆபீஸ் ஆஸ்பத்திரியில. வேலை போனா அதுவும் போயிடும். இதைவிடப் பெரிசா எழுத ஒண்ணும் இல்லை.

ஆனா ஒரு பார்சல் அனுப்பியிருக்கேன். உள்ளே ஒரு நோட்டு. பொய் எண்ணை அறிக்கையில எழுதினாலும், தினமும் தண்ணியை எடுத்துப் பரிசோதிக்கிற பழக்கத்தை மட்டும் என்னால விட முடியல. உண்மையான எண் எல்லாம் அதுல இருக்கு. தேதி, நேரம், எத்தனை மணிக்கு மதகைத் திறந்தேன், எத்தனை மணிக்கு மூடினேன், எல்லாம். பதினாலு மாசம். எதுக்காக எழுதி வெச்சேன்னு எனக்கே தெரியாம இருந்துச்சு.

என் பேரு மட்டும் வெளியே வராம பார்த்துக்கங்க.

சம்பந்தி


ஜூன் 4

சம்பந்தி,

இதை எப்படி எழுதறதுன்னு ரெண்டு நாளா யோசிச்சேன். நடந்ததை நடந்த மாதிரியே எழுதிடறேன்.

மண்டபத்துல நூறு பேர் இருப்பாங்க. மேஜைக்குப் பின்னாடி மூணு அதிகாரிங்க, ஓரத்துல உங்க இன்ஜினியர். அவர்தான்னு உங்க பொண்ணு காதுல சொன்னா. அறிக்கையைப் படிச்சாங்க. ஒரே எண், ஆறு மாசம். யாருக்கும் ஒண்ணும் தோணல. எழுதறவர் எழுதிக்கிட்டே போனார்.

நோட்டை நான் முந்தானைக்குள்ள வெச்சிருந்தேன். கொடுத்துட்டு, கிடைச்சதுன்னு மட்டும் சொல்லணும்னு நானும் பையனும் பேசி வெச்சிருந்தோம். எழுந்து கொடுத்தேன். நடுவுல இருந்தவர் புரட்டிப் பார்த்தார்.

"இது யார் எழுதினது?"

"கிடைச்சதுங்க."

"யார்னு தெரியாத நோட்டை எப்படிம்மா எடுத்துக்கறது? யார் வேணா வீட்டுல உக்காந்து எழுதலாமே" அப்படின்னு மேஜை ஓரமா நகர்த்தி வெச்சுட்டார். உங்க இன்ஜினியர் தலையை ஆட்டினார்.

அப்ப உங்க பொண்ணு எழுந்தா. நான் கையைப் பிடிச்சேன். என் விரலை ஒவ்வொண்ணா விலக்கிட்டு முன்னாடி போனா. "அந்த அறிக்கையில இருக்கிற ஏழையும், இந்த நோட்டுல இருக்கிற ஏழையும் பாருங்க. ரெண்டுலயும் நடுவுல குறுக்குக்கோடு. எழுதினது எங்கப்பா. நிலையத்துல ஆபரேட்டர். அறிக்கையில இருக்கிறது அவரை எழுத வெச்சது. நோட்டுல இருக்கிறது அவரா எழுதினது"ன்னா. குரல் நடுங்கல. திரும்பி வந்து உக்காந்தா. என் தோள்ல சாஞ்சு, "அம்மாவோட ஆஸ்பத்திரி என்ன ஆகும் அத்தை"ன்னு கேட்டா. 

நோட்டை எடுத்துக்கிட்டாங்க. நான் வாக்குக் காப்பாத்தல. என்னை மன்னிச்சிடுங்கன்னு கேக்கவும் வாய் வரல, ஏன்னா அவ அன்னிக்கு எழுந்து நின்னதைப் பார்த்தப்போ எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு.

சம்பந்தி


ஆகஸ்ட் 28

சம்பந்தியம்மா,

மூணு மாசமா எழுதாததுக்குக் கோபம் காரணம் இல்லை. வீட்டுல இருக்கப் பழகிக்கிட்டிருந்தேன்.

ஜூன் பத்தாம் தேதி என்னை இடைநீக்கம் பண்ணினாங்க. தவறான அறிக்கையில கையெழுத்துப் போட்டதுக்காக. அது உண்மைதானே, நான் மறுக்கல. இன்ஜினியரை வேற ஊருக்கு மாத்திட்டாங்க, இதைவிடப் பெரிய நிலையத்துக்கு. பாப்பாவோட அம்மாவுக்கு இப்போ அரசு ஆஸ்பத்திரியில வரிசையில நின்னு ரத்தம் சுத்தம் பண்றோம். காலையில ஆறு மணிக்குப் போனா மதியம் மூணு மணிக்கு வரலாம். அவ அலுத்துக்கல. "இங்கே ஊர்க்கதை எல்லாம் கேக்கலாம்"கிறா.

நல்ல சேதி ஒண்ணு இருக்கு. புளோயர் ரெண்டும் வந்துடுச்சு. விசாரணைச் சேதி பேப்பர்ல வந்த பிறகு ஆறே வாரத்துல வந்துடுச்சு, பதினாலு மாசம் வராதது. படிகாரமும் வருது. பால் பவுடர் ஆலைக்குத் தனித் தொட்டி கட்டச் சொல்லியாச்சு. மதகை மூடி வெல்டிங் வெச்சுட்டாங்க. நான் தினமும் நடந்து போய்ப் பாலத்து மேல நின்னு குழாயைப் பார்க்கிறேன். தண்ணி தெளிவா விழுது. புது ஆபரேட்டர் சின்ன வயசுக்காரர். என்னை யார்னு தெரியாம, "பெரியவரே, இங்கே எல்லாம் நிக்கக் கூடாது"ன்னார்.

போன வாரம் பாப்பா போன் பண்ணினா.  "சாப்பிட்டீங்களாப்பா"ன்னு கேட்டா. சாப்பிட்டேன்னேன். வெச்சுட்டா. எனக்கு அது போதும்.

சம்பந்தி


நவம்பர் 15

சம்பந்தி,

சின்னக் கடுதாசிதான், வேலை நிறைய இருக்கு. தண்ணி தெளிஞ்சிருக்கு. கையை உள்ளே விட்டா முழங்கை வரைக்கும் தெரியுது. குளிர் வந்ததும் பச்சை அப்படியே காணாமப் போச்சு. நேத்து ரெண்டு முக்குளிப்பான் பறவை வந்து முங்கி முங்கி எழுந்துச்சு. உங்க பொண்ணு அடுப்பைக்கூட அணைக்காம வெளியே ஓடிப்போய் நின்னு பார்த்தா. குழம்பு அடிப்பிடிச்சுப் போச்சு, அதையே ஊத்திச் சாப்பிட்டோம்.

பையன் நாலு கூண்டுல மட்டும் குஞ்சு விட்டிருக்கான். தீனி அளந்துதான் போடறோம்.

உங்களாலதான் இது.

சம்பந்தி


நவம்பர் 24

சம்பந்தியம்மா,

படிச்சு ரொம்ப சந்தோஷம். மாப்பிள்ளையை அவசரப்பட வேண்டாம்னு சொல்லுங்க. ஒரு கோடை பார்த்துட்டு விட்டா நல்லது. இன்னும் விடாத கூண்டுல விட வேண்டாம். சும்மா ஒரு யோசனைதான். வேற ஒண்ணும் இல்லை.

சம்பந்தி


மார்ச் 22

சம்பந்தி,

திரும்ப வந்துடுச்சு.

நாலு நாள் வெயில் அடிச்சுது. அஞ்சாம் நாள் காலையில கதவைத் திறந்தா பச்சை. போன வருஷம் கூண்டுக்கிட்ட வந்ததைவிட முன்னாடியே. நான் முதல்ல உங்க நிலையத்துல ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சு உங்களைத் திட்டிக்கிட்டே இருந்தேன். பையன் படகுல போய்ப் பார்த்துட்டு வந்தான். குழாய்ல சுத்தமான தண்ணிதான் விழுதாம். வாய்க்கால்கூடத் தெளிவா இருக்காம். ஏரி மட்டும்தான் பச்சை.

ஆய்வுக்கூடத்துலேர்ந்து ஒரு பொண்ணு வந்திருந்தா. பொறுமையா சொன்னா. இத்தனை வருஷமா வந்ததெல்லாம் எங்கேயும் போகல, அடிச்சேத்துல உக்காந்திருக்கு. வெயில்ல ஏரிக்கு அடியில காத்து இல்லாமப் போனதும், சேறு பிடிச்சு வெச்சிருந்த பாஸ்பரஸைத் திரும்ப மேலே விடுதாம். பாசி அதைத் தின்னு வளருது, செத்துத் திரும்ப அதே சேத்துல விழுது. அடுத்த வருஷம் திரும்ப. வெளியேர்ந்து ஒரு சொட்டு வரலைன்னாலும் ஏரி தன்னைத்தானே ஊட்டிக்குமாம். சேத்தை வாரி எடுக்கலாம், இவ்வளவு பெரிய ஏரிக்கு யாரும் பண்ண மாட்டாங்கன்னா. "எத்தனை வருஷம் இப்படி"ன்னு கேட்டேன். "சில ஏரிங்க பத்து வருஷத்துல தெளிஞ்சிருக்கும்மா. சிலது முப்பது வருஷமாகியும் தெளியல"ன்னா. சின்னப் பொண்ணு, அதைச் சொல்லும்போது தரையைப் பார்த்துக்கிட்டா.

நாலு கூண்டும் போச்சு.

பையன் நகரத்துல குளிர்பதனக் கிடங்குல லாரி ஓட்டற வேலைக்குப் பேசி முடிச்சிருக்கான். வீடு பார்க்க என்னையும் வரச் சொல்றான். உங்க பொண்ணு கூண்டையெல்லாம் கழட்டிட்டு வரேன்னு இங்கே இருக்கா.

யார் மேலே கோபப்படறதுன்னு தெரியல, சம்பந்தி. போன வருஷம் உங்க மேல கோபப்பட முடிஞ்சுது. அது எவ்வளவு சௌகரியமா இருந்துச்சுன்னு இப்பத்தான் தெரியுது.

சம்பந்தி


மார்ச் 30

சம்பந்தியம்மா,

எனக்குத் தெரியும். முதல்லேர்ந்தே தெரியும். பயிற்சிக்குப் போனப்போ பாடத்துலேயே இருந்துச்சு, அடிச்சேறு திருப்பிக் கொடுக்கும்னு. உங்க நவம்பர் லெட்டரைப் படிச்சதும் உடனே எழுதணும்னு உக்காந்தேன். முக்குளிப்பான் வந்ததை எழுதியிருந்தீங்க. பாப்பா ஓடிப்போய் நின்னதை எழுதியிருந்தீங்க. "உங்களாலதான்"னு எழுதியிருந்தீங்க. அந்த லெட்டருக்குப் பதிலா இதை எப்படி எழுதுவேன்? சும்மா ஒரு யோசனைன்னு எழுதி அனுப்பிட்டேன். உங்ககிட்ட உண்மையை மறைச்சு எழுதினது இது ரெண்டாவது தடவை.

அந்த நாலு கூண்டுக்காவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

வியாழக்கிழமை பஸ்ல வரேன். வீட்டுக்காரியை அவ அக்கா பார்த்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க. வந்து ஒண்ணும் சரிபண்ண முடியாது. கூண்டைக் கழட்ட ஒரு ஆள் வேணும்ல.

சம்பந்தி


ஏப்ரல் 4

சம்பந்தியம்மா,

நீங்களும் மாப்பிள்ளையும் வீடு பார்த்துட்டு நாளைக்குத்தான் வருவீங்கன்னு பாப்பா சொன்னா. எனக்கு மதியம் பஸ். அதனால உங்க சாப்பாட்டு மேஜையில உக்காந்து எழுதி வெச்சுட்டுப் போறேன்.

வியாழக்கிழமை நான் வந்தப்போ பாப்பா கரையில நின்னுக்கிட்டிருந்தா. ரப்பர் பூட்ஸ், கையில உறை. "தண்ணி கையில படாம பார்த்துக்கங்க"ன்னு எனக்கும் ஒரு ஜோடி கொடுத்தா.  முப்பத்தோரு வருஷம் அந்தப் பக்கம் நின்னு தண்ணியை அனுப்பினவன், அது வந்து சேர்ற இடத்துல நான் அன்னிக்குத்தான் முதல் தடவையா இறங்கினேன். கல்யாணத்துக்கு வந்தப்போகூடக் கரையிலேர்ந்துதான் பார்த்தேன்.

முதல் நாள் நாலு கூண்டு கழட்டினோம். ரெண்டாம் நாள் ஆறு. மிதவைப் பீப்பாயைத் தனியா, இரும்புச் சட்டத்தைத் தனியா, வலையைத் தனியா. அவ சொல்லச் சொல்ல நான் பண்ணினேன். நேத்து மதியம் படகுல உக்காந்திருக்கும்போது கேட்டா.

"எத்தனை வருஷம் ஆகும்ப்பா?"

பத்துன்னு சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. பத்துன்னா அவளுக்கு முப்பத்தெட்டு வயசு. திரும்ப வந்து ஆரம்பிக்கலாம்னு ஒரு கணக்கு போட்டுக்குவா. என்னைப் பார்த்துக்கிட்டே இருந்தா.

"தெரியலம்மா. நான் இருக்கும்போது ஆகாது. நீ இருக்கும்போது ஆகுமான்னும் எனக்குத் தெரியல"ன்னேன்.

வலையோட ஒரு முனையைக் கையில எடுத்தா. அழல. அப்புறம், "அந்த முனையைப் பிடிங்க"ன்னா. பிடிச்சேன்.

வலையெல்லாம் அலசி, காயவெச்சு, மடிச்சு ஷெட்டுல அடுக்கியிருக்கோம். பீப்பாய் பின்பக்கம் இருக்கு. கடைசி ரெண்டு கூண்டோட வலை மட்டும் இன்னும் ஏரியிலேயே கிடக்கு. அடி முழுக்கச் சேத்துல புதைஞ்சு கனத்துப் போயிருக்கு. நானும் அவளும் காலையிலேர்ந்து இழுத்துப் பார்த்தோம், ஒரு முழம் வந்துச்சு, திரும்ப உள்ளே போயிடுச்சு. ரெண்டு பேரால ஆகாது. மாப்பிள்ளை வந்ததும் மூணு பேரா இழுத்துப் பார்க்கலாம். அடுத்த சனிக்கிழமை காலை பஸ்ல திரும்ப வரேன்.

சம்பந்தி